கைப்பேசியைத் திறப்பவர் யார்?

2019 அக்டோபர் 10, 12 ஆகிய இரு நாள்களில் மலேசியக் காவல்துறை பன்னிரண்டு பேரைக் கைது செய்தது. அவர்களில் இருவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினர்கள்: மலாக்கா மாநிலம் காடேக் தொகுதியின் ஜி. சாமிநாதன், நெகிரி செம்பிலான் மாநிலம் சிரம்பான் ஜெயா தொகுதியின் பி. குணசேகரன். விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்பு என்பது குற்றச்சாட்டு. போர்க்களத்தில் அந்த இயக்கம் முற்றிலும் வீழ்ந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. கைது நடந்தது பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டமான சொஸ்மாவின்கீழ். அந்தச் சட்டத்தில் 28 நாள் வரை நீதிமன்றத்தில் நிறுத்தாமலே காவலில் வைக்கலாம். வழக்குத் தொடுத்த பிறகும் பிணை கிடைப்பது அரிது.

வழக்கின் ஒரு பகுதி, 2018 நவம்பரில் மலாக்கா ஆயர் குரோவில் நடந்த ஒரு நினைவேந்தல் நிகழ்ச்சியைப் பற்றியது. இன்னொரு பகுதி கைப்பேசிகளிலும் முகநூல் பக்கங்களிலும் இருந்த, விடுதலைப் புலிகள் தொடர்பான படங்களைப் பற்றியது. ஒரு படம் கைப்பேசியில் கிடப்பதே பயங்கரவாதக் குழுவுக்குரிய பொருளை வைத்திருந்த குற்றமாகும் என்றது அரசுத் தரப்பு. 2020 பிப்ரவரி 21 அன்று அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ், பன்னிருவர் மீதான 34 குற்றச்சாட்டுகளையும் கைவிடுவதாக அறிவித்தார். தான் போற்றும் ஒருவரின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பதால் யாரும் பயங்கரவாதி ஆகிவிட மாட்டார் என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். அதற்குள் நான்கு மாதங்களுக்கும் மேல் ஓடிவிட்டன. பன்னிரண்டு குடும்பங்கள் அந்த மாதங்களை எப்படிக் கடந்தன என்பதை நம் சமூகம் அறியும்.

அந்த வழக்கின் அரசியலைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அதில் இருந்த கைப்பேசிகளைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை. அவற்றைத் திறந்து பார்த்தவர் யார், எந்த முறையில் பார்த்தார், என்ன கண்டார், எதைக் காணாமல் விட்டார், அவர் சொன்னதைச் சரிபார்க்க எதிர்த்தரப்பில் யார் இருந்தார்கள் என்ற கேள்விகள், சிலாங்கூரின் கேரி தீவில் எஸ்பிஎம் பள்ளித்தேர்வை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கும் பிள்ளையின் எதிர்காலத்தோடு நேரடியாகத் தொடர்புடையவை. கணினித் தடயவியலை நம் சமூகக் கல்லூரிகளில் ஒரு முழுமையான தொழிற்படிப்பாகக் கொண்டுவர வேண்டும்; பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களை அதில் ஒரு பாடமாக வைக்க வேண்டும்; அந்த வகுப்பறைகளில் தோட்டத்துப் பிள்ளைகள் உட்கார வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

ஆதாரமே தேவைப்படாத காலம்

சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 2007 நவம்பர் 25 அன்று இந்தியர் உரிமைகளுக்காகக் குரல்கொடுத்த ஹிண்ட்ராஃப் அமைப்பின் பேரணி கோலாலம்பூர் வீதிகளில் நடந்தது. அடுத்த மாதமே அதன் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசாவின்கீழ் பிடிக்கப்பட்டனர். அப்போதும் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற பேச்சு அதிகாரிகள் வாயிலிருந்து வந்தது. அந்தப் பேச்சு எந்த நீதிமன்றத்திலும் சோதிக்கப்படவில்லை. சோதிக்க வேண்டிய தேவையே இசாவில் இல்லை. அமைச்சரின் கையெழுத்து ஒன்று போதும், ஈராண்டுகள் உள்ளே. ஐவரில் ஒருவரான மனோகரன், தடுப்புக்காவலில் இருந்தபடியே 2008 பொதுத்தேர்தலில் கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா தொகுதியில் வென்றார். இன்னொருவரான கணபதிராவ் 2022இல் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினரானார். அன்று அவர்களைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றுக்கு ஆதாரம் கேட்க ஒரு மேடைகூட இருக்கவில்லை.

இசா போய் சொஸ்மா வந்தது. சொஸ்மாவில் குறைகள் ஏராளம். பிணையை மறுக்கும் அதன் 13ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று சாமிநாதனின் மனு மீது 2019 நவம்பர் 29 அன்று உயர்நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆனால், இசாவுக்கும் சொஸ்மாவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சொஸ்மாவில் கைதானவரை இறுதியில் விடுவிக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் நிறுத்தியாக வேண்டும். நீதிமன்றம் என்றால் ஆதாரம் வேண்டும். இன்றைய ஆதாரத்தில் பெரும்பகுதி கைப்பேசியில்தான் இருக்கிறது.

சொஸ்மா நடப்புக்கு வந்த நாள் 2012 ஜூலை 31. அதே நாளில் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற புதிய பிரிவும் நடப்புக்கு வந்தது. இணையத்தில் வெளியான ஒன்றில் உங்கள் பெயரோ படமோ புனைபெயரோ உரிமையாளராக, நிர்வாகியாகக் காட்டப்பட்டிருந்தால், அதை வெளியிட்டவர் நீங்களே என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். இணைய இணைப்பு உங்கள் பெயரில் பதிவாகியிருந்தாலும், அது வெளிப்பட்ட கணினி உங்கள் வசம் இருந்தாலும் அதே ஊகம்தான். நீங்கள் இல்லை என்றால் இல்லை என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

எப்படி நிரூபிப்பது? சாமி சத்தியம் செய்தால் நீதிமன்றம் ஏற்காது. அந்தக் கணினியில் அந்த நேரத்தில் யார் உள்நுழைந்திருந்தார்கள், எந்த முகவரியிலிருந்து இணைப்பு வந்தது, கணக்கை வேறொருவர் கைப்பற்றியிருந்தாரா என்பதையெல்லாம் ஆராய்ந்து அறிக்கை எழுதித் தரவும், சாட்சிக் கூண்டில் ஏறி அரசு வழக்கறிஞரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் ஒருவர் வேண்டும். அத்தகைய நிபுணரை அமர்த்தும் வசதி செம்பனைத் தோட்டத்துக் குடும்பத்துக்கு இருக்கிறதா? நிரூபிக்கும் சுமையைச் சட்டம் எல்லார் தலையிலும் சமமாக ஏற்றியிருக்கிறது. அதைச் சுமக்கும் வலு சமமாக இல்லை.

தடயவியல் எதைச் சொல்லும்?

கணினித் தடயவியல் என்றதும் இருட்டறையில் பச்சை எழுத்துகள் ஓடும் சினிமாக் காட்சி நினைவுக்கு வரும். உண்மையில் இது பொறுமையும் ஒழுங்கும் மிகுந்த வேலை. கைப்பற்றிய கருவியை யாரும் நேரடியாகத் தொட்டுப் பார்க்கக் கூடாது என்பது முதல் விதி. கைப்பேசியை வெளியிலிருந்து அழிக்க முடியாதபடி அலைகளைத் தடுக்கும் உறையில் இடுவார்கள். வன்தட்டில் ஓர் எழுத்துகூடப் புதிதாகப் பதியாமல் தடுக்கும் கருவியை இணைத்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பிட்டையும் நகலெடுப்பார்கள். அழித்துவிட்டதாக நாம் நினைக்கும் கோப்புகளின் மிச்சங்களும் அந்த நகலில் வரும். ஆய்வு முழுவதும் நகலில்தான் நடக்கும். மூலம் முத்திரையோடு அலமாரியில் இருக்கும்.

நகலும் மூலமும் ஒன்றுதான் என்பதைக் காட்ட ஹேஷ் எனும் கணித முறை உண்டு. எவ்வளவு பெரிய தரவாக இருந்தாலும் எஸ்ஹெச்ஏ-256 என்ற முறை அதை 64 எழுத்துகள் கொண்ட ஒரு குறியீடாக்கித் தரும். அந்தக் குறியீடு தரவின் கைரேகை போன்றது. மூலத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் குறியீடு அடியோடு மாறிவிடும். கைப்பற்றிய அன்று எடுத்த குறியீடும் நீதிமன்றத்தில் காட்டும் அன்று எடுத்த குறியீடும் ஒத்துப்போகாவிட்டால், இடையில் என்ன நடந்தது என்று கேட்கும் உரிமை எதிர்த்தரப்புக்கு உண்டு. இந்தியா 2024 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்திய புதிய சாட்சியச் சட்டம், மின்னணு ஆதாரத்தோடு தரும் சான்றிதழிலேயே இந்தக் குறியீட்டை எழுதக் கோருகிறது. நம் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு 1993இலேயே கணினி ஆவணங்களுக்கு வழி திறந்தது; அப்போது வாட்ஸ்அப்பும் இல்லை, முகநூலும் இல்லை.

இப்போது நம் கைப்பேசிகளுக்கு வருவோம். கோயில் கமிட்டி, பள்ளி முன்னாள் மாணவர், உறவுக்காரர், ஊர்க்காரர் என்று ஒவ்வொருவரும் எத்தனையோ வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறோம். நவம்பர் மாதக் கடைசி வாரம் வந்தால் ஈழ நினைவுப் படங்கள் அவற்றில் வந்து விழும். தானாகப் பதிவிறங்கும் வசதியை அணைத்து வைத்திருப்பவர் சிலரே. குழுவில் யாரோ ஒருவர் அனுப்பிய படம், நாம் திறந்தே பார்க்காத நிலையிலும் நம் படத்தொகுப்பில் போய் உட்கார்ந்திருக்கும். ‘இவர் கைப்பேசியில் இந்தப் படம் இருந்தது’ என்பது ஒரு தகவல் மட்டுமே. அது தானாக வந்ததா, அவர் தேடி எடுத்ததா? திறந்து பார்த்தாரா? பிறருக்கு அனுப்பினாரா? எப்போது? இந்த ஒவ்வொரு கேள்விக்கும் கோப்பு இருக்கும் இடம், அதன் நேரமுத்திரை, செயலியின் தரவுத்தளம் ஆகியவற்றிலிருந்து பல வேளைகளில் பதில் எடுக்க முடியும். அப்படி எடுத்து, முழுதாக அறிக்கையில் எழுதுவது நேர்மையான தடயவியல். படம் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டால் அது பாதித் தடயவியல். பாதி உண்மையைக் கொண்டு ஒருவரின் முழு வாழ்க்கையை அடைத்துவைக்க முடியும் என்பதுதான் இதிலுள்ள அபாயம்.

ஒரே கலை, மூன்று முகங்கள்

இந்தக் கலை பயங்கரவாதத்தைத் தடுக்கவும் செய்கிறது; அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2016 ஜூன் 28 அதிகாலை பூச்சோங்கில் ஓர் இரவு விடுதியில் கையெறி குண்டு வீசப்பட்டு எட்டுப் பேர் காயமடைந்தனர். இந்த மண்ணில் ஐ.எஸ். அமைப்பின் பெயரால் நடந்த முதல் தாக்குதல் அது. உத்தரவு சிரியாவிலிருந்த ஒரு மலேசியரிடமிருந்து வந்தது என்று காவல்துறை அறிவித்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கடைவாசலுக்கும் சிரியாவுக்கும் இடையே உள்ள தூரம் அன்று ஒரு குறுஞ்செய்தியாகச் சுருங்கிப்போனது. அந்த விடுதியில் இருந்தவர்கள் எந்த இனத்தவராகவும் இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட செய்தியை முன்கூட்டியே கண்டுபிடிப்பவர் நம் எல்லாரையும் காப்பாற்றுகிறார்.

அடுத்தது, அர்டிட் ஃபெரிஸி என்ற கொசோவோ இளைஞர். 2014 ஆகஸ்டில் மாணவராக மலேசியா வந்தவர்; கணினி அறிவியலும் கணினித் தடயவியலும் படிக்க வந்தவர் என்று நம் காவல்துறை சொன்னது. அவர் இங்கிருந்தபடியே அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கணினிக்குள் புகுந்து, ஏறத்தாழ 1,350 அமெரிக்கப் படையினர், அரசு ஊழியர்களின் விவரங்களைத் திருடி ஐ.எஸ். அமைப்புக்குக் கொடுத்தார். 2015 ஆகஸ்டில் அந்தப் பட்டியல் கொலைமிரட்டலோடு டுவிட்டரில் வெளியானது. செப்டம்பரில் அவர் இங்கே கைதானார். 2016இல் அமெரிக்க நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறை விதித்தது. பிடிபட்டது எப்படி? ஊடுருவலுக்குப் பயன்பட்ட மலேசிய இணைய முகவரியும் அவருடைய சமூக ஊடகக் கணக்குகள் திறக்கப்பட்ட முகவரியும் ஒத்துப்போயின. அவர் படிக்க வந்த கலையே அவரைக் காட்டிக் கொடுத்தது.

மூன்றாவது முகம் நமக்கு இன்னும் நெருக்கமானது. ஸ்டேன் சுவாமி, திருச்சிராப்பள்ளி மாவட்டத்து விரகாலூரில் பிறந்த இயேசு சபைப் பாதிரியார். ஜார்க்கண்டின் பழங்குடி மக்களுக்காக வாழ்நாளைக் கொடுத்தவர். பீமா கோரேகான் வன்முறை தொடர்பான வழக்கில் இந்தியாவின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2020 அக்டோபரில், 83 வயதில் கைதானார். 2021 ஜூலை 5 அன்று, பிணை கிடைக்காமலே, காவலில் இருந்தபடி மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவருடைய கணினியின் நகலை ஆராய்ந்த ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. யாரோ அவருடைய கணினிக்குள் ஆண்டுக்கணக்கில் புகுந்திருந்து, நாற்பதுக்கும் மேற்பட்ட ஆவணங்களை அவருக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார்கள் என்றது அந்த அறிக்கை. கணினி கைப்பற்றப்படுவதற்கு முந்தைய இரவில் ஊடுருவியவர் தன் தடங்களை அழிக்க முயன்றதையும் அது குறிப்பிட்டது. அறிக்கையைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்கவில்லை. ஆனால், அந்த ஆய்வு வந்தபோது ஸ்டேன் சுவாமி உயிரோடு இல்லை என்பது மட்டும் மறுக்க முடியாத உண்மை.

அந்த ஆய்வு அவருடைய வாழ்நாளிலேயே, உள்ளூரிலேயே, உரிய நேரத்தில் நடந்திருக்க முடிந்திருந்தால்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் வரை போக வேண்டியிராமல், ராஞ்சியிலோ திருச்சியிலோ பயிற்சி பெற்ற ஒரு சுயேச்சை ஆய்வாளர் இருந்திருந்தால்? இந்தக் கேள்வியைத்தான் நான் கிள்ளானுக்கும் கேட்கிறேன்.

கடல் வாசலும் வான் வாசலும்

வரைபடத்தை எடுத்துக் கேரி தீவைப் பாருங்கள். லங்காட் ஆறு தீபகற்பத்திலிருந்து பிரித்து வைத்த செம்பனை மண். எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற ஆங்கிலத் தோட்டக்காரரின் பெயரால் அழைக்கப்படுகிறது. மரச் சிற்பத்துக்கும் முகமூடிக்கும் பேர்போன மா மெரி பூர்வகுடிகள் அதற்கும் முன்பிருந்தே வாழும் மண். நம் பாட்டன் பூட்டன்கள் காடு வெட்டி, கால்வாய் வெட்டி, ரப்பரும் செம்பனையும் வளர்த்த மண். வடக்கே பூலாவ் இண்டாவில் வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகம். தென்கிழக்கே சிப்பாங்கில் கேஎல்ஐஏ விமான நிலையம். இந்த நாட்டின் பெரிய கடல் வாசலுக்கும் பெரிய வான் வாசலுக்கும் நடுவே கிடக்கிறது இந்தத் தீவு. தீவையே ஒரு பெருந்துறைமுகமாக்கும் திட்டமும் ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது.

இன்று துறைமுகம் என்பது பாரந்தூக்கிகளைவிடக் கணினிகளை நம்பி இயங்கும் இடம். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா எனும் தீநிரல் டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கியது. உக்ரைனைக் குறிவைத்து ஏவப்பட்ட ஆயுதம், மும்பை நவசேவா துறைமுகத்தின் ஒரு முனையத்தையும் நிறுத்தியது. மெர்ஸ்க்குக்கு நட்டம் 30 கோடி டாலர் வரை என்று அந்நிறுவனமே மதிப்பிட்டது. வான் வாசலும் தப்பவில்லை. 2025 மார்ச் 23 அன்று மலேசிய விமான நிலைய நிறுவனத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. ஒரு கோடி அமெரிக்க டாலர் பிணைத்தொகை கேட்கப்பட்டது. தர முடியாது என்று மறுத்துவிட்டதாகப் பிரதமர் அன்வார் அறிவித்தார். நாட்டின் முக்கியக் கட்டமைப்புகளை நடத்துவோர் இணையத் தாக்குதல்களை உடனுக்குடன் தெரிவிக்க வேண்டும் என்பதை 2024 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. தெரிவித்த பிறகு தடயம் சேகரிக்க ஆள் வேண்டாமா?

நம் பிள்ளைகள் இந்த இரு வாசல்களிலும் ஏற்கெனவே வேலை பார்க்கிறார்கள்: கொள்கலன் ஏற்றும் லாரியில், சரக்குக் கிடங்கில், பாதுகாவலர் சீருடையில், தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளில். அவை கௌரவமான வேலைகளே. ஆனால், அதே வாசலில் கட்டுப்பாட்டு அறைக்குள் இருக்கும் நாற்காலிகளும் நம்முடையவை ஆக வேண்டும். விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது என்பதால் பந்திங்கில் விமானப் பராமரிப்பு கற்பிக்கும் பாலிடெக்னிக் வந்தது. அதே நியாயத்தில், இந்த வாசல்களின் கணினிகளைக் காக்கவும் தாக்குதல் நடந்தால் தடயம் எடுக்கவும் கற்பிக்கும் படிப்பு கோல லங்காட்டிலும் கிள்ளானிலும் உள்ள சமூகக் கல்லூரிகளுக்கு வர வேண்டும்.

ஏன் சமூகக் கல்லூரி?

மலேசியச் சமூகக் கல்லூரிகள் 2001இல் தொடங்கின. எஸ்பிஎம்மில் ஒன்பது ஏ எடுத்தவர்களுக்காக ஏற்பட்டவை அல்ல அவை. பெரிய புள்ளிகள் இல்லாமல் வெளியே வந்த பிள்ளைக்கும் கதவு திறந்துவைப்பவை. கட்டணம் குறைவு. சான்றிதழ் முடித்தால் பாலிடெக்னிக் டிப்ளோமா, அங்கிருந்து மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கணினிப் பாதுகாப்புப் பட்டம் என்று படிக்கட்டு உண்டு. கணினி, வலையமைப்புப் பயிற்சி இந்தக் கல்லூரிகளுக்குப் புதிதல்ல. புதிதாகச் சேர வேண்டியது தடயமும் சட்டமும்.

அமெரிக்கா இந்த வழியில் முன்பே போனது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு பல்கலைக்கழகங்களை மட்டும் நம்பியிருந்தால் போதாது என்று அங்கே உணர்ந்தார்கள். மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் சமூகக் கல்லூரியை மையமாகக் கொண்டு 2005இல் சைபர்வாட்ச் என்ற பயிற்சிக் கூட்டமைப்பு உருவானது. தேசியப் பாதுகாப்பு முகமை தன் சிறப்பு மையத் தகுதியை 2010இல் ஈராண்டுக் கல்லூரிகளுக்கும் திறந்தது. ஒரு வழக்கில் கைப்பேசியை முதலில் கையில் எடுப்பவர் முனைவர் பட்டம் பெற்றவராக இருக்கப்போவதில்லை. நிலையத்துக் காவலரோ, அலுவலகக் கணினிப் பணியாளரோதான் எடுப்பார். அந்த முதல் பத்து நிமிடத்தில் அவர் செய்யும் தவற்றைப் பிறகு எந்த ஆய்வுக்கூடத்தாலும் சரிசெய்ய முடியாது. ஆகவே இடைநிலைத் தொழில்நுட்பர்கள் இல்லாமல் மேல்நிலை நிபுணர்கள் மட்டும் இருந்து பயனில்லை.

பாடத்திட்டம் எப்படி இருக்க வேண்டும்? முதல் ஆறு மாதம் கணினியின் உடலமைப்பு: வன்தட்டு எப்படிக் கோப்பைச் சேமிக்கிறது, அழிக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது, லினக்ஸ் எப்படி இயங்குகிறது. அடுத்த ஆறு மாதம் தடயம் எடுக்கும் முறை. ஆட்டோப்சி, வயர்ஷார்க் போன்ற தரமான ஆய்வு மென்பொருள்கள் இலவசமாகவே கிடைப்பதால் ஆய்வுக்கூடம் தொடங்கப் பெருஞ்செலவு ஆகாது. மூன்றாம் பருவம் முழுக்கச் சட்டம்: சாட்சியச் சட்டத்தின் 90ஏ, 114ஏ, 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம், சொஸ்மா, குற்றவியல் சட்டத்தின் பயங்கரவாத அத்தியாயம். மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிக்கை எழுதும் பயிற்சி, மாதிரி நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையை எதிர்கொள்ளும் பயிற்சி. நான்காம் பருவம் வேலையிடத்தில்.

பயங்கரவாதத் தடுப்பை ஒரு தனிப் பட்டமாக்குவதை நான் ஆதரிக்கவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைக்குச் சந்தேகப்படுவதையே தொழிலாகக் கற்றுக்கொடுத்தால், அவர் தெருவில் பார்க்கும் தாடியிலும் நெற்றித் திருநீற்றிலும் குற்றத்தைத் தேடத் தொடங்குவார். தடயவியலின் ஒழுக்கத்தை முதலில் கற்று, அதன் உள்ளே ஒரு பாடமாக இதைப் படித்தால், ஆளைப் பார்க்காமல் ஆதாரத்தைப் பார்க்கும் பழக்கம் வரும். 2019 வழக்கும் பூச்சோங் தாக்குதலும் அந்தப் பாடத்தில் பக்கத்துப் பக்கத்து அத்தியாயங்களாக இருக்க வேண்டும்.

மூன்று மறுப்புகள்

பெற்றோர் ஒரு மறுப்பு சொல்வார்கள்: பிறர் கணினியைத் திறக்கும் வித்தையைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தால் கெட்டுப்போக மாட்டானா? ஃபெரிஸியின் கதை அந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல என்று காட்டுகிறது. ஆனால், வித்தை இப்போதே காணொளிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கைப்பேசிக் கடைகளில் நிற்கும் நம் இளைஞர்கள் எந்தப் பூட்டையும் திறக்கத் தானாகவே கற்றுக்கொண்டவர்கள். அவர்களுக்கு இல்லாதது திறமை அல்ல. எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது, திறந்ததை எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்ற முறை. வங்கிக் கணக்கை இன்னொருவருக்கு இரவல் கொடுத்து மோசடி வழக்கில் சிக்கிக்கொள்ளும் பிள்ளைகளைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறையப் பார்க்கிறோம். அறியாமைதான் அவர்களைச் சிக்க வைக்கிறது, படிப்பு அல்ல.

சமூக ஆர்வலர்கள் வேறொன்று சொல்வார்கள்: நம் பிள்ளைகளை நாமே காவல்துறைக்குக் கண்ணாகவும் காதாகவும் அனுப்ப வேண்டுமா? இந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. 2007ஐயும் 2019ஐயும் அனுபவித்த சமூகம் இது. ஆனால், தடயவியலாளர் யாருக்கும் கண்ணும் காதும் அல்லர். சான்று எதைச் சொல்கிறதோ அதை மட்டும் சொல்லும் கடமை உள்ளவர். தமிழில் எழுதிய ஒரு செய்தியை, அதைப் பேசும் வீட்டுச் சூழலோடு சேர்த்துப் புரிந்துகொள்ளும் ஒருவர் காவல்துறை ஆய்வகத்தில் இருந்தால், அர்த்தமில்லாத வழக்கு முளையிலேயே நிற்கும். அதே பயிற்சி பெற்ற இன்னொருவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பக்கத்தில் இருந்தால், முளைத்த வழக்கும் நீதிமன்றத்தில் சோதிக்கப்படும். இரு பக்கமும் ஆள் வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் பழித்துக்கொண்டிருப்பதால் யாரும் விடுதலை ஆவதில்லை.

தடயவியல் நம் இனத்துக்கு அந்நியமான துறையும் அல்ல. இந்தியாவின் முதல் வேதித்தடய ஆய்வகம் 1849இல் அமைந்தது சென்னையில்தான். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டபோது, இறந்துபோன ஒரு புகைப்படக்காரரின் கேமராவில் மிஞ்சிய பத்துப் படங்களும், தமிழ்நாட்டுத் தடயவியல் இயக்குநர் பி. சந்திரசேகரனின் ஆய்வும் அந்த வழக்கின் முதுகெலும்பாயின. அந்த மரபு கணினிக் காலத்துக்கு வந்து சேர வேண்டும்; அவ்வளவுதான்.

மூன்றாவது மறுப்பு அதிகாரிகளிடமிருந்து வரும்: தரமான ஆய்வகம் சைபர்ஜெயாவில் இணையப் பாதுகாப்பு மலேசியா நிறுவனத்திடம் இருக்கிறது, காவல்துறையிடம் செராஸில் இருக்கிறது, இன்னும் எதற்கு? அந்த ஆய்வகங்களின் பணியை நான் மதிக்கிறேன். ஆனால், அவை அரசினுடையவை. குற்றம் சாட்டுவதும் ஆராய்வதும் அரசாகவே இருக்கும்போது, சுயேச்சையாக ஆராயத் தெரிந்தவர்கள் வெளியே இருப்பது நீதிக்குத் தேவை. தவிர, இணைய மோசடியில் சேமிப்பை இழந்து 997 எண்ணை அழைக்கும் ஒவ்வொரு முதியவரின் கைப்பேசியும் ஒரு தடயக்களம். பந்திங்கிலும் கிள்ளானிலும் உள்ள கைப்பேசிகளை எல்லாம் தலைநகரத்தின் ஓரிரு ஆய்வகங்கள் பார்த்து முடிக்கும் என்று நம்புவது நடைமுறைக்கு ஒவ்வாது.

செய்ய வேண்டியவை

உயர்கல்வி அமைச்சு கோல லங்காட், கிள்ளான் சமூகக் கல்லூரிகள் இரண்டிலும் கணினித் தடயவியல் சான்றிதழை முன்னோட்டமாகத் தொடங்க வேண்டும். துறைமுகமும் விமான நிலையமும் பயிற்சியிடம் தர முன்வர வேண்டும். இந்தியர் மேம்பாட்டுக்கான மித்ரா நிதியில் ஒரு பகுதியை ஒருநாள் கருத்தரங்குகளுக்குச் செலவிடாமல், தீவிலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் பேருந்துக்கும் ஒரு நல்ல மடிக்கணினிக்கும் செலவிட வேண்டும். பாலம் கடந்து தினமும் போய்வர வழியில்லாததே தோட்டத்துப் பிள்ளையின் படிப்பைப் பலமுறை நிறுத்தியிருக்கிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள், இந்தக் கல்லூரிகளில் பயின்றவர்களை ஏழைகளின் வழக்குகளில் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இப்போதே தொடங்கலாம்: ஒரு கோப்பின் ஹேஷ் குறியீட்டைக் கண்டுபிடித்து, ஓர் எழுத்தை மாற்றி, மறுபடியும் கண்டுபிடிக்கச் சொல்லும் பாடத்துக்குப் பழைய கணினி ஒன்றே போதும். உண்மையை மாற்றினால் தடம் தெரியும் என்பதைப் பன்னிரண்டு வயதில் கண்ணால் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

சொஸ்மாவைத் திருத்த வேண்டும் என்ற போராட்டம் தொடரட்டும்; நானும் அதில் சேர்ந்தவன்தான். ஆனால், நாளையே சட்டம் திருந்தினாலும் கைப்பேசிகள் கைப்பற்றப்படும், திறக்கப்படும், அவற்றிலிருந்து எடுத்தவை நீதிபதியின் மேசைக்குப் போகும். அந்த வேலையை நேர்மையாகவும் முழுமையாகவும் செய்யத் தெரிந்த ஆயிரம் பேரை உருவாக்குவது சட்டத்திருத்தத்துக்கு இணையான நீதிப் பணி. அந்த ஆயிரம் பேரில் கேரி தீவின் பிள்ளைகளும் இருக்க வேண்டுமானால், கல்லூரிகளின் அடுத்த மாணவர் சேர்க்கைக்குள் முடிவெடுத்தாக வேண்டும். முடிவு அமைச்சின் கையில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு நம் கையில் இருக்கிறது.